காலியாகப் போனாலும் என் லாரி

அந்தத் தாளை மடித்துப் பைக்குள் வையுங்கள், தம்பி. படித்துவிட்டேன். நீங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே இரண்டு பக்கமும் படித்தாகிவிட்டது. பள்ளிக்கூடத்தில் தமிழாசிரியையாக இருந்தவள் நான். பிள்ளைகள் ஒப்பிப்பதைக் கேட்டுக்கொண்டே விடைத்தாள் திருத்திப் பழகிய கண். 'பார்ட் லோடு: உங்கள் தொழிலின் தோழன்' என்று உங்கள் லாரி கம்பெனியில் அச்சடித்திருக்கிறீர்கள். தோழன் எனக்கு எதற்கு? எனக்கு வேண்டியது லாரி.

லாரி இருக்கிறது. அதோ, வேப்பமரத்து நிழலில் நிற்கிறதே, அதுதான். பெங்களூருக்குப் போகிறது. கார்த்திகைக்கு அகல் விளக்குகள். நம் விருத்தாசலத்துச் செராமிக் அகல். பெட்டிகளை ஏற்றியாகிவிட்டது. நீங்கள் உள்ளே வரும்போதே லாரிக்குள் எட்டிப் பார்த்தீர்கள்; நான் கவனித்தேன். முன்பாதி நிறைந்திருக்கிறது, பின்பாதி காலி. அதைப் பார்த்ததும் உங்கள் முகம் மலர்ந்துவிட்டது. 'பாதி லாரி காலியாகப் போகிறதே மேடம்' என்று ஆரம்பித்தீர்கள். போகட்டுமே. என் லாரி, என் காலி.

வாசலில் நிற்கும் டிராக்டரையும் பார்த்திருப்பீர்கள். டிரெய்லர் முழுக்கப் பெட்டிகள், பெட்டிகளின் மேல் குடை பிடித்துக்கொண்டு ஓர் அம்மாள். அவளிடம்தான் வழி கேட்டீர்களாம். அவள் என் தங்கை, பூங்கோதை. அந்தப் பெட்டிகளிலும் அகல்தான் இருக்கிறது. அவையும் பெங்களூருக்குத்தான் போக வேண்டும், அதே கடைக்குத்தான். காலையிலிருந்து அங்கே உட்கார்ந்திருக்கிறாள். கேட்டை நான் திறக்கவில்லை. உங்களுக்குத் திறந்தது சின்னக் கதவு. அதில் ஆள் வரலாம், டிராக்டர் வராது.

ஏன் திறக்கவில்லை என்று கேட்க நினைக்கிறீர்கள். கேட்க மாட்டீர்கள், வியாபாரத்துக்கு வந்தவர். நானே சொல்கிறேன். ஆனால் முதலில் உங்கள் முறையை, பல பேர் சரக்கை ஒரே லாரியில் சேர்த்து அனுப்பும் இந்தப் பார்ட் லோடைப் பேசி முடிப்போம். ஒருவர் சொல்ல வந்ததைக் கேட்காமல் அனுப்பினேன் என்ற பெயர் எனக்கு வேண்டாம்.

என் பெட்டிகளை இங்கே ஏற்றுவீர்கள். நேராகப் பெங்களூருக்குப் போவீர்களா? மாட்டீர்கள். சேலத்தில் உங்கள் குடோனில் இறக்குவீர்கள். கரூர்ப் போர்வைக் கட்டும் ஈரோட்டு மஞ்சள் மூட்டையும் வந்து சேரும் வரை என் விளக்குகள் அங்கே காத்துக்கிடக்கும். எல்லாம் சேர்ந்த பிறகு வேறொரு லாரியில் ஏற்றுவீர்கள். ஓசூரில் மறுபடி இறக்கி, மறுபடி ஏற்றுவீர்கள். சரிதானே? தலையை ஆட்டுகிறீர்கள், நல்லது. பொய் சொல்லவில்லை, அந்த மட்டும் மதிக்கிறேன். அப்படியானால் ஒரு பெட்டியை எத்தனை பேர் தூக்குவார்கள், எத்தனை பேர் போடுவார்கள்? 'உடையும் பொருள்' என்று சிவப்பில் ஒட்டி அனுப்புவோம் என்கிறீர்கள். லோடுமேன் அதைப் படித்துப் பார்த்துவிட்டா பெட்டியைப் போடப்போகிறார்?

போர்வைக்கு உங்கள் முறை சரி, தம்பி. உடையாத சரக்கு, அவசரமில்லாத சரக்கு, லாரியில் ஒரு மூலைக்கு மட்டும் இருக்கும் சரக்கு, இவற்றுக்கெல்லாம் சரி. அடைத்த இடத்துக்கு மட்டும் கூலி கொடுத்தால் போதும். அதை நான் மறுக்கவில்லை. என் சரக்கு சுட்ட மண். அதற்கு ஒரு நாளும் இருக்கிறது. தீபத்துக்கு மறுநாள் போய்ச் சேர்ந்தால் அது விளக்கு இல்லை, வெறும் ஓடு. இங்கே ஏற்றியதை அங்கேதான் இறக்க வேண்டும், நடுவில் எவர் கையும் படக்கூடாது. அதற்குப் பெயர் முழு லோடு.

சின்ன வண்டி எடுக்கலாமே என்பீர்கள். எல்லாரும் அதைத்தான் சொல்கிறார்கள். சின்ன வண்டிக்கு என் சரக்கு அதிகம். பெரிய லாரிக்குக் குறைவு. மிஞ்சுவதை அடுத்த நடையில் அனுப்பு என்றான் லாரி புரோக்கர் இருசப்பன். எப்படியும் மிஞ்சும் பெட்டியைக் கொண்டுபோய் யாருடைய வண்டியிலாவது திணிக்க வேண்டும் என்பது அவன் ஆசை. நான் மிச்சம் வைப்பவள் இல்லை.

இனிக் காரணத்தைச் சொல்கிறேன்.

பூங்கோதை எனக்குத் தங்கை மட்டும் இல்லை, ஓரகத்தியும்கூட. நாங்கள் இருவரும் அண்ணன் தம்பியைக் கட்டிக்கொண்டு ஒரே வீட்டுக்கு வந்தோம். ஒரே சூளை, ஒரே கம்பெனி. என் கணவர் வைத்தியலிங்கம் இறந்தபோது, பதினாறாம் நாள் காரியத்துக்கு ஊரே கூடியிருந்தது. அத்தனை பேருக்கும் நடுவில் அவள் என்ன சொன்னாள் தெரியுமா? 'அக்காவால தனியா முடியாது. நாங்க பாத்துக்கிறோம்' என்றாள். என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, அழுதுகொண்டு சொன்னாள். அழுதுகொண்டு சொன்னால் அவமானம் இல்லையா? வகுப்பறையில் அறுபது பிள்ளைகளை ஒரு பார்வையில் உட்கார வைத்தவளுக்கு முடியாதாம். அன்றைக்கே தீர்மானித்தேன். மாதம் முடிவதற்குள் பாகம் பிரித்தாயிற்று. பள்ளி வேலையை விட்டேன். சூளை என் பக்கம் வந்தது. அவர்கள் ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் புதிதாகச் சூளை கட்டிக்கொண்டார்கள்.

'பிரிய வேண்டாம் அக்கா' என்று மூன்று முறை ஆள் அனுப்பினாள். மூன்று முறையும் திருப்பி அனுப்பினேன்.

பிறகு அவள் கணவரும் போய்விட்டார். நான் போனேன். போகாமல் இருப்பேனா? கடைசி வரிசையில் நின்றேன். 'உன்னால் தனியாக முடியாது' என்று நான் அவளிடம் சொல்லவில்லை. அந்த நாகரிகம் எனக்கு உண்டு. எதுவுமே சொல்லவில்லை.

முதல் வருடத்திலிருந்தே நான் முழு லாரிதான். பாதிக்குத்தான் சரக்கு இருக்கும், தெரியும். இருந்தாலும் 'மங்கையர்க்கரசி செராமிக்ஸ்' என்று என் பெயரில் ஒரு லாரி, என் சரக்கு மட்டும், என் வாசலில் ஏறி, பெங்களூரில் நஞ்சுண்டையா கடை வாசலில் இறங்கும். வருடா வருடம் அப்படித்தான் போனது. ஒரு விளக்கு உடைந்து வந்ததாக நஞ்சுண்டையா சொன்னதில்லை. 'உங்க பேக்கிங் மாதிரி யாரும் செய்றதில்லை அம்மா' என்பார். நானும் அதைத்தான் நினைத்தேன். வைக்கோலைப் புரியாகத் திரித்து வைக்கும் என் முறையைக் கேட்டுப்போக வேறு சூளைக்காரர்கள்கூட வந்தார்கள். நின்று சொல்லிக் கொடுத்தேன்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் நஞ்சுண்டையா போனில் பேச்சுவாக்கில் ஒன்று சொன்னார். 'உங்க சரக்கும் உங்க தங்கச்சி சரக்கும் ஒரே லாரியில வந்துடுது, எங்களுக்கு ரொம்ப வசதி அம்மா.'

போனை வைத்தேன். 

இருசப்பனைக் கூப்பிட்டேன். அதோ லாரி நிழலில் பீடியை மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறானே, அவன்தான். கேட்டேன். கொஞ்சம்கூடக் கூச்சப்படாமல் சொன்னான். 'ஆமாம் பெரியம்மா. லாரி இங்கேருந்து கெளம்பி ரயில்வே கேட்டத் தாண்டுனதும் சின்னம்மா ஷெட்டுல நிக்கும். பின்னாடி காலி எடத்துல அவங்க பெட்டிய அடைச்சு ஏத்திக்கிட்டுப் போவும். மொத வருசத்துலேருந்தே அப்படித்தான்.'

'யாரைக் கேட்டு?'

'சின்னம்மாதான் சொன்னாங்க. அக்கா பாதி லாரியா அனுப்புது, பின்னாடி தாங்கல் இல்லன்னா மேடு ஏறுறப்போ அத்தினி பெட்டியும் சரிஞ்சுடும், நம்ம பெட்டிய முட்டுக் குடுத்தாப்புல அடைச்சு எடுத்துக்கிட்டுப் போ, அதுகிட்ட மட்டும் சொல்லாத, சொன்னா ஒத்துக்காதுன்னாங்க. வாடகையில பங்கும் குடுத்துட்டாங்க. உங்ககிட்ட அத எப்படிக் குடுக்குறதுன்னு தெரியாம, உங்க வாடகையிலயே கொறச்சுப் போட்டுட்டேன்.'

கேட்டீர்களா? எனக்கு மட்டும் வாடகை குறைவாக வருவது நான் பேரம் பேசும் அழகு என்று நினைத்திருந்தேன். அதில் ஒரு பகுதி என் பேரம்தான், அதை யாரும் மறுக்க முடியாது.

நீங்கள் சிரிக்கக் கூடாது, தம்பி. இதற்குப் பெயர் திருட்டு. என் லாரியில், என்னைக் கேட்காமல், என் காலி இடத்தைத் திருடியிருக்கிறாள். காலி இடத்தை எப்படித் திருட முடியும் என்கிறீர்களா? வாடகை கொடுத்த இடம் காலியாக இருக்க வேண்டும் என்று நான் நினைத்தால் அது காலியாக இருக்க வேண்டும். அவ்வளவுதான்.

அதனால்தான் போன வருடம் திறந்த லாரி வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நான்கு பக்கமும் மூடிய கன்டெய்னர் லாரி எடுத்தேன். ஏற்றி முடித்ததும் கதவில் என் பூட்டைப் போட்டேன். கடையில் புதிதாக வாங்கிய கனமான பூட்டு. சாவியை முதல் நாளே கூரியரில் நஞ்சுண்டையாவுக்கு அனுப்பியாகிவிட்டது. இனி யார் பெட்டியை யார் அடைப்பது, பார்க்கலாம் என்று வாசலில் நின்று லாரியை அனுப்பிவைத்தேன்.

டிரைவர் பழக்கத்தில் ரயில்வே கேட்டுக்கு அப்பால் அவள் ஷெட்டில் நிறுத்தியிருக்கிறான். அவள் பெட்டிகளை எல்லாம் வெளியே எடுத்து வைத்துக் காத்திருந்தாளாம். பூட்டைப் பார்த்தாளாம். அந்த டிரைவர் பிறகு என்னிடம் சொன்னான்: 'பூட்டயே பாத்துக்கிட்டு நின்னாங்க. அப்புறம், செங்கம் ரோட்டுல மெதுவா ஓட்டுன்னு மட்டும் சொன்னாங்க.'

என் டிரைவருக்குப் புத்தி சொல்ல அவள் யார்?

பெங்களூரில் கதவைத் திறந்தார்கள். பாதிக்கு மேல் தூள், மீதி விரிசல். பெட்டிகள் பின்பக்கமாகச் சரிந்து, ஒன்றன்மேல் ஒன்று விழுந்து நசுங்கிக் கிடந்தனவாம். நஞ்சுண்டையா படம் எடுத்து அனுப்பினார். நான் அந்தப் படத்தைப் பார்த்தேன், பார்க்காமல் விடவில்லை. காரணங்கள் எனக்குத் தெரியும். செங்கம் ரோடு தோண்டிப் போட்டிருந்தார்கள். டிரைவர் புதிதாகக் கல்யாணம் ஆனவன், வீட்டுக்குத் திரும்பும் அவசரத்தில் ஓட்டினான். அந்த வருடக் களிமண்ணும் சரியில்லை. இருசப்பன் மட்டும் பின்னால் காலியாக இருந்த இடம்தான் காரணம் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தான். காலி இடம் எப்படித் தம்பி ஒன்றை உடைக்கும்? அங்கே ஒன்றுமே இல்லையே.

அவளுக்கு அன்றைக்கு லாரி கிடைக்கவில்லை. என்ன செய்தாள் தெரியுமா? உங்களைப் போல ஒரு கம்பெனியில் பார்ட் லோடு போட்டாள். ஒரு விளக்குகூட உடையவில்லை. குடோனில் மற்றவர்கள் சரக்குக்காகக் காத்திருந்து, தீபம் முடிந்த மறுநாள் போய்ச் சேர்ந்தது. எனக்கு அதில் மகிழ்ச்சி இல்லை. சரி, கொஞ்சம் இருந்தது. என் விளக்கு உடைந்த செய்தி அதற்கு முன்பே வந்துவிட்டதால் அதை நிம்மதியாக அனுபவிக்க முடியவில்லை.

ஆக, போன வருடம் நஞ்சுண்டையா கடையில் எங்கள் இருவர் விளக்கும் இல்லை. வாடிக்கையாளர்கள் பக்கத்துக் கடையில் மெஷின் அச்சில் செய்த விளக்கை வாங்கிப் போயிருக்கிறார்கள். இந்த வருடம் புரட்டாசியில் அவர் போன் செய்தார். எனக்கும் அவளுக்கும் ஒரே பேச்சுத்தான். 'அம்மா, நீங்க ரெண்டு பேரும் நல்லவங்கதான். ஆனா என் கடையில வெளக்கு இருக்கணும், இல்லையா? ரெண்டு பேர் சரக்கும் ஒரே லாரியில வரட்டும், நான் சொல்ற தேதிக்குள்ள வரட்டும், உடையாம வரட்டும். இல்லன்னா நானும் மெஷின் வெளக்குக்கே போயிடறேன். கோவிச்சுக்காதீங்க.'

அவர் சொன்ன தேதி நாளைதான், தம்பி. இன்றைக்கு மூன்று மணிக்குள் லாரி கிளம்பினால்தான் விடிவதற்குள் பெங்களூர்ப் பேட்டைக் கடைத்தெருவுக்குள் நுழைய முடியும். விடிந்துவிட்டால் லாரியை உள்ளே விடமாட்டார்கள். இந்த ஆர்டர் போனால் அடுத்த வருடம் இந்தச் சூளை எரியாது. அச்சுப் போடும் பெண்கள் பதினொரு பேர் அந்தக் கொட்டகையில் இருக்கிறார்கள். அவர்களில் ஒருத்தியையும் இதுவரை நான் வீட்டுக்கு அனுப்பியதில்லை.

அதனால் கேட்டைத் திற என்று எல்லாருக்கும் அவசரம். டிரைவர் மூன்று முறை வந்து நின்றுவிட்டான். 'என்னம்மா, எடுக்கவா வேணாமா?' என்கிறான். இருசப்பன் என் முகத்தைப் பார்ப்பதே இல்லை, கேட்டையே பார்க்கிறான். கொட்டகைப் பெண்கள் காலையிலிருந்து சொம்பு சொம்பாகத் தண்ணீர் கொண்டுபோய் அவளுக்குக் கொடுக்கிறார்கள், எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டு. அவளும் கேட்டைத் தட்டுகிறாளா என்றால் இல்லை. கூப்பிடுகிறாளா என்றால் இல்லை. வெயிலில் உட்கார்ந்திருக்கிறாள். பிடிவாதம். இந்தப் பிடிவாதம் அவளுக்கு எங்கிருந்து வந்தது என்று எனக்கு விளங்கவே இல்லை. எங்கள் குடும்பத்தில் யாருக்கும் கிடையாது.

இந்த நேரம் பார்த்து நீங்கள் வந்தீர்கள். கடைசியாக உங்களிடம் ஒரு சந்தேகம் கேட்கிறேன், யோசித்துப் பதில் சொல்லுங்கள். ஒரு லாரியை ஒருவர் தம் பெயரில் முழுவதுமாக எடுக்கிறார். அதில் இன்னொருவர் சரக்கும் போகிறது. அது முழு லோடா, பார்ட் லோடா?

'யார் பெயரில் புக் ஆகிறதோ அவருக்கு முழு லோடுதான் மேடம்.' அப்படித்தானே சொன்னீர்கள்? இன்னொரு முறை சொல்லுங்கள். சத்தமாக. இருசப்பன் காதில் விழட்டும்.

நல்லது. நீங்கள் படித்தவர். தொழில் தெரிந்தவர்.

இருசப்பா! பீடியைக் கீழே போட்டுவிட்டு வா. வாசலில் இருக்கும் அம்மாளிடம் போய் நான் சொல்வதை மாற்றாமல் சொல். லாரி என் பெயரில், முழு லோடு. என் பெட்டிகள் பின்னால் சரியாமல் இருக்க முட்டுக் கொடுக்க ஏதாவது வேண்டியிருக்கிறது. வைக்கோல் மூட்டை போடலாம், செங்கல் போடலாம். அவளுடைய பெட்டிகளும் போடலாம். சரக்காக இல்லை, முட்டாக. சம்மதம் என்றால் டிராக்டரை உள்ளே கொண்டுவரட்டும். இது அழைப்பு இல்லை, நிபந்தனை என்று சொல். போ.

நீங்கள் எங்கே கிளம்புகிறீர்கள்? இருங்கள். சாட்சிக்கு ஒருவர் வேண்டும்.

என்ன சொல்கிறாள், இருசப்பா? அங்கேயே நின்று கத்தாதே, இங்கே வந்து சொல். 'முட்டுன்னே வெச்சுக்கோ, மொதல்ல கேட்டத் தொற' என்கிறாளா? பார்த்தீர்களா, தம்பி, ஒப்புக்கொண்டுவிட்டாள். உங்கள் முன்னால்தான் ஒப்புக்கொண்டாள். இத்தனை வருடம் என் லாரியில் திருட்டுத்தனமாக ஏறியவள் இன்றைக்கு நிபந்தனைக்குக் கட்டுப்பட்டு ஏறுகிறாள். நான் ஓர் அங்குலம் இறங்கவில்லை. வெளியில் யாராவது கேட்டால் இதை இப்படியே சொல்லுங்கள்.

பெரிய கேட்டைத் திறக்கச் சொல். இரண்டு கதவையும்.

அதோ, வந்துவிட்டாள். டிராக்டர் நிற்பதற்கு முன்பே குரல் வந்துவிட்டது. கேட்கிறதா? என் ஆட்கள் அடுக்கிய பெட்டிகளைப் பார்த்து, 'யாருடா இதக் கவுத்து அடுக்குனது, அம்புக்குறி மேல இருக்க வேணாமா?' என்று என் முற்றத்தில் நின்று என் ஆட்களைத் திட்டுகிறாள். அந்தப் பெட்டி தலைகீழாகத்தான் இருக்கிறது. நானும் காலையிலேயே பார்த்தேன். சொல்ல வேண்டும் என்று இருந்தேன்.

ஏற்றி முடிக்க ஒரு மணி நேரம் ஆகும். அதுவரை அவள் நின்றுகொண்டேதான் இருப்பாள். உட்கார் என்றால் உட்கார மாட்டாள், சின்ன வயதிலிருந்தே அப்படி. கொஞ்சம் எழுந்திருங்கள், தம்பி. அந்த நாற்காலியை நிழலில், லாரிக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் போடுங்கள். நான் கொடுத்ததாகச் சொல்ல வேண்டாம். நீங்களே போட்டதாகப் போட்டுவிட்டு வாருங்கள். காலையிலிருந்து வெயிலில் இருக்கிறாள்.